கல்லூரியை எழுப்பிய குரல்கள்: ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களின் வரலாறும் தாக்கமும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குழு இசை என்றவுடன் மில்ஸ் பிரதர்ஸ், இங்க் ஸ்பாட்ஸ், கோல்டன் கேட் குவார்ட்டெட் போன்ற வானொலிக் காலப் பெயர்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இக்குழுக்கள் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்து மாணவர் குழுவொன்று பாடப் புறப்பட்டது. ஒன்பது பேர், ஐவர் பெண்கள், நால்வர் ஆண்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். இழுத்து மூடப்படும் நிலையிலிருந்த தங்கள் பள்ளிக்குப் பணம் திரட்டுவதே அவர்களது நோக்கம். அவர்கள்தாம் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள். இசை வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் பல நூல்களில் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. கல்வியுரிமை, பொது இடங்களில் சமத்துவம், ஒடுக்கப்பட்டோரின் பண்பாட்டுச் செல்வம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி ஆகிய மூன்றும் அவர்களது வரலாற்றில் பிணைந்து கிடப்பதால் அதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ராணுவக் கொட்டகையில் ஒரு பள்ளி

உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866 ஜனவரி 9 அன்று, நாஷ்வில்லில் ஃபிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. அமெரிக்க மிஷனரி சங்கம் இதற்குத் துணைநின்றது. விடுதலை பெற்றோருக்கான அரசு நிறுவனத்தின் டென்னசிப் பொறுப்பாளராயிருந்த ஜெனரல் கிளின்டன் ஃபிஸ்க், போர்க்கால ராணுவ மருத்துவமனையின் மரக் கொட்டகைகளைப் பள்ளிக்குப் பெற்றுத் தந்தார். அவர் பெயரே பள்ளிக்கு இடப்பட்டது. எழுதப் படிக்கக் கற்பதே அடிமைகளுக்குக் குற்றமாயிருந்த தென்மாநிலங்களில், ஏழு வயதுச் சிறுவரும் எழுபது வயது முதியவரும் ஒரே அரிச்சுவடியைக் கையில் ஏந்தி வந்தனர். 1867 ஆகஸ்டில் அது பல்கலைக்கழகமாகப் பதிவு செய்யப்பட்டது.

பல்கலைக்கழகம் என்ற பெயர் இருந்தது, பணம் இல்லை. கொட்டகைகள் இற்றுப்போயின. நாஷ்வில்லின் பழைய அடிமைக் கொட்டடியில் கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளைப் பழைய இரும்பாக விற்று எழுத்துப் பாட நூல்கள் வாங்கினர் என்பது ஃபிஸ்கின் தொடக்ககாலத்தைப் பற்றி இன்றும் சொல்லப்படும் செய்தி. 1871ஆம் ஆண்டுக்குள் கடன் கழுத்தை நெரித்தது. சங்கமும் பள்ளியை மூடிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கியது.

பள்ளியின் பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்தவர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளையர். நியூயார்க் மாநிலக் கொல்லர் ஒருவரின் மகன். வடக்குப் படையில் போரிட்டவர். முறையான இசைக்கல்வி பெறாதவர். மாணவர் குழுவொன்றை வடமாநிலங்களுக்கு அழைத்துச் சென்று பாடவைத்துப் பணம் திரட்டலாம் என்று அவர் சொன்னபோது சங்கத்தின் தலைமை இசையவில்லை. பிள்ளைகளை இப்படித் தெருவுக்குக் கொண்டுசெல்வது தகாது என்று பெற்றோரும் தயங்கினர். ஆயினும் 1871 அக்டோபர் 6 அன்று, பள்ளிப் பெட்டியில் எஞ்சியிருந்த சொற்பத் தொகையுடன் குழு ரயிலேறியது. எல்லா ஷெப்பர்ட், மேகி போர்ட்டர், மின்னி டேட், ஜென்னி ஜாக்சன், எலைசா வாக்கர், தாமஸ் ரட்லிங், பெஞ்சமின் ஹோம்ஸ், ஐசக் டிக்கர்சன், கிரீன் எவன்ஸ் ஆகியோர் அந்த ஒன்பதின்மர். இளையவரான மின்னி டேட்டுக்குப் பதினான்கு வயதுதான்.

எல்லா ஷெப்பர்ட்

இவர்களுள் ஒருவரின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டம் பயின்ற நமக்கு அது ஒரு முழுப் பாடநூல்.

எல்லா ஷெப்பர்ட் 1851இல் நாஷ்வில் அருகே பிறந்தார். தாய் சாரா ஓர் அடிமை. எஜமானி தன் மகளையே தனக்கெதிரான ஒற்றராகப் பழக்குகிறாள் என்று அறிந்த சாரா, குழந்தையோடு ஆற்றில் விழுந்து உயிர்விடத் துணிந்தார். வழியில் எதிர்ப்பட்ட மூதாட்டியொருவர் அவரைத் தடுத்து, இக்குழந்தைக்கு இறைவன் பெரும்பணி வைத்திருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாக எல்லா பின்னாளில் எழுதினார். தந்தை சைமன், வாடகை வண்டித் தொழிலில் ஈட்டிய பணத்தால் முதலில் தம்மையும், பிறகு 350 டாலர் கொடுத்து மகளையும் விலைக்கு வாங்கினார். மனைவியை விற்க எஜமானி மறுத்துவிட்டாள். சாரா மிசிசிப்பிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

சைமன் பின்னர் வேறொரு பெண்ணை மணந்து, அவரையும் விலைகொடுத்து மீட்டார். ஆனால் மனைவிக்கான விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யவில்லை. தொழில் நொடித்தபோது அதன் பொருள் விளங்கியது. பதிவில்லாத நிலையில், சட்டத்தின் கண்ணில் அப்பெண் அவருடைய மனைவி அல்லர், அவருடைய சொத்து. கடன்காரர்கள் வண்டியையும் குதிரையையும் ஜப்தி செய்வது போலவே மனைவியையும் ஜப்தி செய்யலாம். குடும்பம் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்குத் தப்பியது. கணவனாகவும் தந்தையாகவும் வாழ்ந்த ஒருவர், ஏட்டில் எஜமானராக நிற்க நேர்ந்த இந்த நிலை விதிவிலக்கு அன்று. மனிதரைச் சொத்தாக்கிய சட்டத்தின் இயல்பான விளைவே அது.

சின்சினாட்டியில் எல்லாவுக்குப் பியானோ கற்பிக்க ஒரு வெள்ளை ஆசிரியர் முன்வந்தார், நிபந்தனைகளுடன். இரவில்தான் வரவேண்டும், பின்வாசல் வழியாக வரவேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது. பன்னிரண்டு பாடங்கள் அவ்வாறு நடந்தன. 1866இல் தந்தை காலராவில் இறந்தபோது பியானோ உட்பட அனைத்தும் கடனுக்குப் போயிற்று. கிராமப் பள்ளியொன்றில் ஐந்து மாதம் கற்பித்து, செலவு போக மிஞ்சிய ஆறு டாலருடன் எல்லா ஃபிஸ்கின் வாசலுக்கு வந்தார். விரைவிலேயே அங்கு இசை கற்பித்தார். ஃபிஸ்கின் முதல் கறுப்பின ஆசிரியர் அவரே.

ஜூபிலி பாடகர்களைப் பற்றிய பழைய நூல்கள் ஜார்ஜ் ஒயிட்டையே நாயகராக்குகின்றன. அவரது உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பியானோவில் அமர்ந்தவரும், ஒத்திகைகளை நடத்தியவரும், பாடல்களைத் தாளில் குறித்தவரும், ஒயிட் நோயுற்றபோது குழுவைத் தாங்கியவரும் எல்லாதான். பதவிப் பெயர் எதுவாயினும் இயக்குநர் வேலையில் பாதியை அவர் செய்தார்.

மற்றவர்களின் கதைகளும் இதற்குக் குறைந்தவையல்ல. பெஞ்சமின் ஹோம்ஸ் தையற்கடையில் அடிமையாக வேலைசெய்தபோது, கடைப்பலகைகளையும் கதவுகளிலிருந்த பெயர்களையும் பார்த்தே எழுத்துக் கற்றவர். சார்ல்ஸ்டன் அடிமைக் கொட்டடியில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தைச் செய்தித்தாளிலிருந்து உடனிருந்தோருக்கு வாசித்துக் காட்டினார். மேகி போர்ட்டர் கிராமத்தில் ஆசிரியையாக இருந்தபோது அவருடைய பள்ளியை கூ கிளக்ஸ் கிளான் எரித்தது.

பாட மறுத்த பாடல்கள்

பயணத்தின் முதல் வாரங்கள் துயரமானவை. கறுப்பினத்தவர் மேடையேறுகிறார்கள் என்றால் மின்ஸ்ட்ரல் கூத்து என்றே வடமாநில மக்கள் எண்ணினர். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாகச் சித்திரித்த அந்தக் கேளிக்கை அரை நூற்றாண்டாய் அமெரிக்க மேடையை ஆண்டுவந்தது. ஃபிஸ்க் மாணவர்களோ நேர்த்தியான உடையில், கைகளை அசைக்காமல் நின்று, அக்காலத்து வெள்ளையர் விரும்பிய மெல்லிசைகளையும் தேசியப் பாடல்களையும் பாடினர். கூட்டம் வரவில்லை. சிக்காகோ பெருந்தீயில் வீடிழந்தோரைப் பற்றி ஒஹையோவில் கேள்வியுற்ற குழு, ஒரு நிகழ்ச்சியில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான வசூல் முழுவதையும் நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டது. அன்று அவர்களிடம் ஓட்டல் கட்டணத்துக்கே பணமில்லை.

திருப்புமுனை நவம்பர் மாதத்தில் ஓபர்லினில் வந்தது. காங்கிரகேஷனல் திருச்சபைகளின் தேசிய மாநாடு அங்கே நடந்தது. கூட்டத்தின் இடைவேளையில், அரங்கின் மூலையிலிருந்து குழு மிக மெல்லிய குரலில் ‘ஸ்டீல் அவே’ என்னும் அடிமைப் பாடலைப் பாடத் தொடங்கியது. பேச்சொலி அடங்கியது. அடுத்தடுத்துப் பாடச் சொல்லிப் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டேயிருந்தனர்.

ஸ்பிரிச்சுவல் எனப்படும் அப்பாடல்கள் அதுவரை அவர்களது நிகழ்ச்சி நிரலில் அரிதாகவே இருந்தன. காரணம், மாணவர்கள் அவற்றை அந்நியர் முன் பாட விரும்பவில்லை. அவை அடிமைக் காலத்தோடு ஒட்டியவை, மறக்க வேண்டிய இருளுக்குரியவை என்ற எண்ணம் ஒருபுறம். தாய் தந்தையர் கண்ணீரோடு இறைவனிடம் பாடிய புனிதம் என்ற எண்ணம் மறுபுறம். எல்லா ஷெப்பர்டின் நினைவுக் குறிப்புகளில் இவ்விரண்டும் பதிவாகியுள்ளன. மாணவர்கள் தமக்குள் தனியறையில் கதவடைத்துப் பாடுவதையே ஒயிட் முதலில் கேட்டார். நூறு பாடல்கள் வரை அவ்வாறு சேர்ந்தன. வெட்கமும் பக்தியும் ஒருசேரப் பூட்டிவைத்திருந்த பெட்டியைத் திறப்பது எளிதன்று. அதைத் திறக்கச் சொன்னது பணத் தேவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அவர்களது பாடும் முறை குறித்தும் சொல்ல வேண்டும். வயலில் பாடப்பட்டபோது இப்பாடல்களில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடுவர். சுருதியும் தாளமும் அவ்வப்போது வளையும். கைதட்டலும் அடவும் உண்டு. ஃபிஸ்க் குழு எடுப்பு-மறுமொழி அமைப்பைக் காத்து, மேற்கத்திய முறைப்படி சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று குரல்களைப் பகுத்து அடுக்கியது. முணுமுணுப்பின் விளிம்பு வரை குரலைத் தாழ்த்தி, பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் அது கேட்கும்படி செய்வதில் ஒயிட் பிடிவாதமாக இருந்தார். பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லை. ஒன்பது தொண்டைகள் ஒரே கருவியாவதே அவர்களின் கலை.

இந்த மெருகேற்றத்தை எல்லோரும் ஏற்கவில்லை. மானுடவியலாளரும் எழுத்தாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் எழுதிய கட்டுரையொன்றில், மேடைகளில் பாடப்படுபவை உண்மையான ஸ்பிரிச்சுவல்கள் அல்ல. அவற்றைத் தழுவிப் புதிதாக இயற்றப்பட்டவை என்று வாதிட்டார். மக்கள் பாடுவது ஒவ்வொரு முறையும் மாறும், மேடையோ அதை உறையவைத்துவிடும் என்பது அவர் கருத்து. அவர் சொன்னதில் உண்மை உண்டு. எனினும், கரி பூசிய கோமாளியை மட்டுமே கண்டிருந்த கூட்டத்தின் முன் அசையாமல் நின்று பாடியது அழகியல் தேர்வு மட்டுமன்று. அது ஒரு வாதம் என்றே நாம் கருதுகிறோம்.

பெயரும் புகழும் பணமும்

ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் ஒயிட் குழுவுக்குப் பெயரிட்டார். விவிலியத்தின் லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரம், ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் விடுதலை பெறுவதையும் இழந்த நிலம் உரியவருக்குத் திரும்புவதையும் பேசுகிறது. தமிழ் விவிலியம் அதை ‘யூபிலி’ என்கிறது. விடுதலை பெற்ற மக்கள் தங்கள் விடுதலை நாளையே ஜூபிலி என்றுதான் அழைத்துவந்தனர்.

டிசம்பரில் புரூக்ளினில் ஹென்றி வார்ட் பீச்சரின் பிளிமத் தேவாலயம் அவர்களை வரவேற்றது. நியூயார்க் ஏடு ஒன்று பீச்சரின் மின்ஸ்ட்ரல் குழு என்று ஏளனம் செய்தது. ஏளனமே விளம்பரமாயிற்று. 1872 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் அதிபர் கிராண்ட் முன் பாடினர். அந்த ஆண்டு பாஸ்டனில் நடந்த உலக சமாதானப் பெருவிழாவில், சுருதி உயரமாகிப்போய் மற்ற பாடகர் குழு தடுமாறிய இடத்தில் ஜூபிலி பாடகர்கள் எழுந்து பாடி அரங்கை அதிரவைத்தனர். முதல் பயணத்தில் 20,000 டாலர் திரட்டி, பள்ளிக் கடனை அடைத்துப் புதிய வளாகத்துக்கு நிலமும் வாங்க வழிசெய்தனர். ஸ்பிரிச்சுவல்களின் இசைக்குறிப்பு நூல் அதே ஆண்டில் அச்சேறியது. சிறுவயதிலேயே அடிமைகளின் பாடலைக் கேட்டு வளர்ந்த மார்க் ட்வெய்ன், அவர்களைப் பரிந்துரைத்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார்.

1873இல் பிரிட்டன் செல்ல முற்பட்டபோது, கறுப்பினத்தவருக்கு உயர்வகுப்பு அறை தர இயலாது என்று கப்பல் நிறுவனங்கள் பல கைவிரித்தன. இறுதியில் குனார்டு நிறுவனம் ஏற்றிச் சென்றது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆதரவளித்தார். மே மாதம் ஆர்கைல் கோமகன் இல்லத்தில் விக்டோரியா மகாராணி அவர்கள் பாடக் கேட்டார். பிரதமர் கிளாட்ஸ்டன் விருந்தளித்தார். இவ்வளவுக்கும் காரணமான பிரிட்டன் பயணம் ஏறத்தாழ 50,000 டாலரைத் தந்தது. அப்பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர் கல்விக்கென எழுப்பப்பட்ட முதல் நிலையான கட்டடம் அதுவே என்பர். நெதர்லாந்து, ஜெர்மனி எனத் தொடர்ந்த பயணங்களையும் சேர்த்து, ஏழு ஆண்டுகளில் அவர்கள் ஈட்டித் தந்தது சுமார் 150,000 டாலர்.

அதே 1873இல், புனேயில் ஜோதிராவ் புலே தமது ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டு, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்த ஒழிப்புக்குப் பிறகும் அந்நாட்டில் எஞ்சியிருந்தது என்ன என்பதை, அவ்வாண்டிலேயே கடல்கடந்து பாடிய இம்மாணவர்களின் அனுபவம் காட்டுகிறது.

ஓட்டல் வாசலில் சட்டம்

அரண்மனையில் பாடியவர்களுக்குச் சொந்த நாட்டில் ஓட்டல் அறை கிடைக்கவில்லை. நியூஜெர்சியில் ஒரு விடுதிக்காரர், வருபவர்கள் கரி பூசிய வெள்ளையர் என்று எண்ணி முன்பதிவு கொடுத்துவிட்டு, உண்மையான கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் வெளியேற்றினார். கறுப்பரைப் போல நடிப்பவருக்கு இடமுண்டு, கறுப்பருக்கு இல்லை. வண்டி நிலையங்களில் இரவுகளைக் கழித்த நாள்களும் உண்டு.

இங்கே சட்ட நிலையை விளக்குவது மாணவ வாசகர்களுக்குப் பயன்படும். ஆங்கிலப் பொதுச்சட்ட மரபின்படி சத்திரம் நடத்துபவரும் பயண வண்டி நடத்துபவரும் கட்டணம் தரும் எவரையும் காரணமின்றி மறுக்க முடியாது. மறுத்தால் இழப்பீடு கோரி வழக்காடலாம். 1875 மார்ச் 1 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றி, விடுதி, ரயில், நாடகக் கொட்டகை ஆகியவற்றில் நிற வேறுபாட்டைத் தடைசெய்தது. டென்னசி சட்டமன்றம் அதே மாதத்தில் எதிர்வினையாற்றியது. விடுதிக்காரருக்கும் ரயில் நிறுவனத்துக்கும் இருந்த பழைய பொதுச்சட்டக் கடமையையே அது நீக்கிவிட்டது. கறுப்பினத்தவரை மறுக்கலாம் என்று அச்சட்டம் எழுதவில்லை. யாரை வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று எழுதியது. நிறத்தின் பெயரையே சொல்லாமல் நிறவெறியைக் காக்கும் வரைவு நுட்பத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1881இல் ரயில் பெட்டிகளைப் பிரிக்கும் சட்டம் டென்னசியில் வந்தது. 1883இல் உச்ச நீதிமன்றம் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. அன்று தீர்க்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று டென்னசி ரயிலில் பெண்கள் பெட்டி மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் வழக்கு. ஜூபிலி ஹாலின் சுவர்கள் உயர்ந்த அதே ஆண்டுகளில்தான் அவர்களைச் சுற்றி இன்னொரு சுவரும் உயர்ந்தது. முதல் குழுவின் கிரீன் எவன்ஸ் 1880களில் டென்னசி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் குறிக்கலாம். அந்தப் பத்தாண்டுக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு போல அம்மன்றத்தில் கறுப்பினத்தவர் எவரும் அமரவில்லை.

பாடியவர்களுக்குக் கிடைத்தது என்ன?

படிப்பதற்காக வந்தவர்கள், படிப்பிடத்தைக் காக்கப் படிப்பை விட்டனர். முதல் குழுவினரில் பெரும்பாலோர் பட்டம் பெறவேயில்லை. பின்னர் சேர்ந்த அமெரிக்கா ராபின்சன் 1875ஆம் ஆண்டின் முதல் பட்டதாரி வகுப்பைச் சேர்ந்தவர். பட்டம் வழங்கப்பட்டபோது அவர் ஐரோப்பாவில் பாடிக்கொண்டிருந்தார். ஓய்வில்லாப் பயணம், குளிர், நோய். பெஞ்சமின் ஹோம்ஸ் காசநோயால் இளவயதில் இறந்தார். ஊதியம் குறித்தும் நடத்தப்படும் முறை குறித்தும் பாடகர்கள் கேள்வி எழுப்பினர். அவர்கள் நன்றி மறந்துவிட்டதாகச் சங்கத்தினர் குறைபட்டனர். தொண்டு என்ற பெயரில் உழைப்பவர் கூலி கேட்டால் இச்சொல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. 1878இல் ஜெர்மனியில் குழு கலைந்தது.

பாடல்களின் உரிமை வேறொரு சிக்கல். ஆக்கியோர் பெயர் தெரியாத பாடலுக்குப் பதிப்புரிமை இல்லை. அதைத் தொகுத்து அச்சிட்டவருக்கு உண்டு. ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்’ என்னும் புகழ்பெற்ற பாடலை, சோக்டா பழங்குடியினரிடம் அடிமையாயிருந்த வாலஸ் வில்லிஸ் என்பவர் ஆக்கினார் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அவருக்கு ஒரு காசும் போகவில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து அப்பாடலை இங்கிலாந்து ரக்பி ரசிகர்கள் மைதானங்களில் முழங்குகிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அங்கே பொதுவெளியில் தீவிரமாகப் பேசத் தொடங்கியது 2020இல்தான். ‘ஜூபிலி பாடகர்கள்’ என்ற பெயருக்கும் காப்பு இல்லாததால் அப்பெயரில் போலிக் குழுக்கள் பெருகின.

லவுடினும் உலகப் பயணமும்

கலைந்த குழுவை ஒயிட் 1879இல் பல்கலைக்கழகச் சார்பின்றி மீண்டும் அமைத்தார். பின்னர் அதன் தலைமை ஃபிரெடெரிக் லவுடினிடம் வந்தது. ஒஹையோவில் சுதந்திரராகப் பிறந்தவர்; அச்சுத்தொழில் கற்றும், வெள்ளை அச்சுக்கோப்பாளர்கள் உடன் வேலைசெய்ய மறுத்ததால் பிழைப்பிழந்தவர்; தம் வருவாயில் காணிக்கை செலுத்திய தேவாலயத்திலேயே பாடகர் குழுவில் சேர்க்க மறுக்கப்பட்டவர். இப்போது குழுவின் உரிமையும் வருவாயும் கறுப்பினத்தவர் கையில் இருந்தன. இதை நாம் முக்கியமான மாற்றமாகக் காண்கிறோம்.

1884 முதல் 1890 வரை லவுடின் குழு உலகைச் சுற்றியது: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான். தாஜ்மகாலின் உள்ளே நின்று பாடியபோது குவிமாடத்தில் எழுந்த எதிரொலியைப் பற்றி லவுடின் எழுதியிருக்கிறார். ஊர் திரும்பியதும் ஒஹையோவின் ரவென்னாவில் காலணித் தொழிற்சாலை ஒன்றையும் நிறுவினார்.

இப்பயணத்தில் நம் மனத்தைக் கவர்வது அரங்குகள் அல்ல; 1886இல் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையிலுள்ள மலோகா என்னும் பூர்வகுடி மிஷன் குடியிருப்பில் அவர்கள் பாடியது. பார்வோனின் சேனை கடலில் மூழ்கியதைச் சொல்லும் பாடல் அங்கிருந்த யோர்ட்டா யோர்ட்டா மக்களின் மொழிக்குப் பெயர்ந்து, இன்றும் அவர்களால் பாடப்படுகிறது. ‘தி சஃபையர்ஸ்’ என்ற திரைப்படத்தின் மூலம் உலகமும் அதைக் கேட்டது. அப்பாடலைப் பதிவுசெய்ததில் மலோகா ஆசிரியர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸுக்குப் பங்கு உண்டு என்று சொல்லப்படுகிறது. அவர் மொரீசியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவரது குடும்ப வேர் சென்னை மாகாணத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. அவரிடம் பயின்றவர்களிலிருந்தே வில்லியம் கூப்பர் உள்ளிட்ட ஆஸ்திரேலியப் பூர்வகுடி உரிமைத் தலைவர்கள் எழுந்தனர். அடிமைகளின் பாடல் ஒன்று, நிலம் பறிக்கப்பட்ட மக்களின் மொழியில் குடியேறியதைப் போன்ற பயணம் வரலாற்றில் அதிகமில்லை.

லவுடின் குழுவில் பாடிய ஆர்ஃபியஸ் மெக்கடூ 1890இல் தம் சொந்தக் குழுவைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அதைக் கேட்ட ஆப்பிரிக்க இளைஞர்களிடையே பாடகர் குழுக்கள் தோன்றின. அவ்வாறு எழுந்த குழுவில் பாடி வெளிநாடு சென்ற சார்லட் மான்யே, அமெரிக்காவில் பட்டம் பெற்றுத் திரும்பித் தென்னாப்பிரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னோடியானார்.

நால்வர் குரல்

நாஷ்வில்லிலும் மரபு அறுந்துவிடவில்லை. ஃபிஸ்க் ஆசிரியர் ஜான் வொர்க் நால்வர் ஆண் குழுவொன்றை அமைத்து 1909 டிசம்பரில் விக்டர் நிறுவனத்துக்காக ‘ஸ்விங் லோ’ உள்ளிட்ட பாடல்களைப் பதிவுசெய்தார். அப்பதிவு 2002இல் அமெரிக்க தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. பெரிய குழுவைக் கொண்டுசெல்லும் செலவும், அக்கால ஒலிக் குழாயின் குறுகிய வாயும் நால்வர் வடிவத்துக்கு வசதியாயின. வசதியின் விலை பெண் குரல்கள். எல்லா ஷெப்பர்டின் குரலையோ ஜென்னி ஜாக்சனின் குரலையோ நாம் ஒருபோதும் கேட்க முடியாது.

ஹாம்ப்டன், டஸ்கீகி முதலிய கறுப்பினக் கல்லூரிகளும் இவ்வழியைப் பின்பற்றின. அங்கிருந்து தேவாலயக் குவார்ட்டெட்டுகள், நார்ஃபோக்கின் கோல்டன் கேட் குவார்ட்டெட், மில்ஸ் பிரதர்ஸ், இங்க் ஸ்பாட்ஸ், ஐம்பதுகளின் டூ-வாப் என மரபு நீள்கிறது. முடிதிருத்தும் கடைகளில் கறுப்பின ஆண்கள் பாடிப் பழகிய இசைவு வடிவம் ‘பார்பர்ஷாப்’ ஆகிற்று. 1938இல் அதைக் காக்கவெனத் தொடங்கிய சங்கமோ வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிற்று. நியூயார்க் போட்டியில் 1941இல் வென்ற கறுப்பின ரயில்நிலையச் சுமைதூக்கிகளின் குழு, இறுதிப் போட்டிக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்டது. 1963இல்தான் அத்தடை நீங்கியது. ஒரு மக்களின் கலையைப் பேணுவோர், அம்மக்களை வாசலில் நிறுத்துவது எப்படி என்பதற்கு இதைக் காட்டலாம்.

1885இல் ஃபிஸ்கில் சேர்ந்து 1888இல் பட்டம் பெற்ற டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், 1903இல் வெளிவந்த ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ நூலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இப்பாடல்களின் இசைக்குறிப்பை வைத்தார். இறுதி அத்தியாயத்தை அவற்றுக்கே ஒதுக்கினார். அதே டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டார். தீண்டப்படாதோர் நிலையும் நீக்ரோக்கள் நிலையும் ஒத்திருப்பதை அதில் குறிப்பிட்டார்.

1960இல் நாஷ்வில் உணவகங்களில் அமர்ந்து போராடிய மாணவர்களை வழிநடத்திய டயான் நாஷ் ஃபிஸ்க் மாணவி. விடுதிக்காரரின் கடமையை நீக்கிய சட்டம் பிறந்த மாநிலத்தில், அவ்வாண்டு மே மாதம் உணவு மேசைகள் திறந்தன. 1962இல் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு தன் இயக்க நிதிக்காக ஃப்ரீடம் சிங்கர்ஸ் என்னும் நால்வர் குழுவை நாடெங்கும் அனுப்பியபோது, ஒன்பது மாணவர்கள் கண்டுபிடித்த வழிமுறையே கையாளப்பட்டது: இயக்கத்துக்குப் பணம் வேண்டும், நம்மிடம் குரல் இருக்கிறது. அக்குழுவில் பெர்னிஸ் ஜான்சன் ரீகன் போன்ற பெண்கள் முன்வரிசையில் நின்றனர்.

ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் இன்றும் மாணவர் குழுவாகவே இயங்குகின்றனர். 2008இல் தேசிய கலைப் பதக்கமும், நூற்றைம்பதாம் ஆண்டு இசைத்தொகுப்புக்காக 2021இல் கிராமி விருதும் பெற்றனர். தாயை மீண்டும் தேடிக் கண்டு தம்முடன் வைத்துக்கொண்ட எல்லா ஷெப்பர்ட் 1914இல் மறைந்து, நாஷ்வில் நகரக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 6ஆம் நாள் பல்கலைக்கழகத்தில் ஜூபிலி நாள். முன்னோடிகளின் கல்லறைகளுக்கு இன்றைய மாணவர்கள் சென்று, பக்கவாத்தியம் இன்றிப் பாடித் திரும்புகிறார்கள்.